சுனைப் பாதையில் கண்ணி

அந்தக் கரட்டின் பெயரை எழுத மாட்டேன். பெயர் தெரிந்தால் ஆள் வரும். காங்கயம் பக்கம் நாலைந்து கரடு இருக்கிறது, அதில் ஒன்று. அடிவாரத்திலிருந்து படி ஏறினால் முருகன் கோயில். கோயிலோடு படி முடிந்துவிடும். பின்னால் ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே போகும். அது ஆரம்பிக்கிற இடத்தில் வனத்துறையின் பலகை நிற்கிறது. காப்புக் காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். நான் படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். என் சம்சாரமும் தாண்டினாள். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் தாண்டினோம்.

நடக்கச் சொன்னது ஆஸ்பத்திரியில். அவளுக்குச் சர்க்கரை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க மேசை முன்னால் நிற்க வேண்டும். "நாளெல்லாம் நிக்கறனுங்களே, அது பத்தாதுங்களா?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டாள். நிற்பது வேறு, நடப்பது வேறு என்று அந்தம்மா சொல்லிவிட்டார்.

நான் மங்கலத்தில் தறி ஓட்டுகிறேன். சொந்தத் தறி இல்லை, ஓட்டுகிற ஆள். இருபத்தேழு வருடத் தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதில் பதினோரு வருடம் நைட் ஷிப்ட். சனிக்கிழமை ராத்திரி மட்டும் லீவு. காலை எட்டு மணிக்கு நான் வருவேன். எட்டேகாலுக்கு அவளைக் கம்பெனி வண்டி ஏற்றிக்கொள்ளும். சந்து முனையில் நின்று பத்து நிமிடம் பார்த்துக்கொள்வோம். சாவியைக் கையில் கொடுத்து, எந்தச் சட்டியில் எது இருக்கிறது என்று சொல்வாள். சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் நான் தறிக்குப் போயிருப்பேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருந்தது கம்மி.

என்னிடம் பேசும்போது அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்வாள். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். எங்கள் சந்தில் மூன்று பக்கமும் தறி. பேச்சு வாயில்தான் தெரியும், காதில் விழாது.

கரட்டில் அப்படி இல்லை. முதல் ஞாயிறு அவள் முன்னால் ஏறிக்கொண்டே ஏதோ சொன்னாள். முதுகு என் பக்கம் இருந்தது. ஆனாலும் கேட்டது. நான் நின்றுவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மூச்சு வாங்கவில்லை. அவள் குரல் எனக்கு மறந்து போயிருந்தது. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நாலரைக்கே எழுந்து வண்டியைத் துடைத்து வைத்தேன்.

அப்புறம் சர்க்கரை ஒரு சாக்கு. எனக்கு அந்தக் குரல் போதும். அவள் முன்னால் நடப்பாள், பேசிக்கொண்டே போவாள். நான் பின்னால் ஊம் போட்டுக்கொண்டு போவேன்.

கண்ணியைப் பார்த்தது ஒரு சித்திரை மாதம். கரட்டில் தண்ணீர் வற்றியிருந்தது. மேலே பாறைக்குழியில் சுனை ஒன்று மட்டும் மிச்சம். மான், முயல், மயில் எல்லாம் அதற்குத்தான் வரும். வந்து வந்து தடமாகிவிட்டது. அந்தத் தடத்தில் போய்க்கொண்டிருந்தோம். தன் கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நின்றாள்.

"ஏனுங்க, இங்கொரு கம்பி இருக்குதுங்க."

நான் பார்த்தேன், தெரியவில்லை. அவள் குனிந்து விரலால் காட்டினாள். ஓடுகிற துணியில் ஊசிமுனை ஓட்டையைப் பிடிக்கிற கண் அவளுக்கு. பைக்கின் கிளட்ச் வயர். சாப்பாட்டுத் தட்டம் அகலத்துக்கு வளையம் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, மறுமுனையைக் கிளுவை மரத்தின் அடியில் கட்டியிருந்தது. மேலே தழையை இழுத்துவிட்டிருந்தார்கள். அவசர வேலை இல்லை. பொறுமையாக வைத்திருந்தார்கள்.

தேடினோம். அவள்தான் தேடினாள். சுனை வரைக்கும் ஏழு. நான் ஒவ்வொன்றாக வளையத்தை இழுத்துச் சுருக்கிவிட்டேன், எதுவும் மாட்டாதபடிக்கு. கழற்றப் போனேன், அவள் வேண்டாம் என்றாள். இருந்தது இருந்தபடி இருந்தால்தான் ஆபீசருங்க நம்புவாங்க என்றாள். அப்போதே சொல்வதாக அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் தோள்பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். செக்கிங்கில் இருக்கிற எல்லோரிடமும் அது இருக்கும். சிவப்பில் சின்ன அம்பு. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எது இருந்தாலும் பக்கத்தில் ஒரு அம்பு ஒட்ட வேண்டும். அடுத்த மேசைக்காரர்கள் அம்பைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் குழாய் ஒழுகினாலும் அதைத்தான் ஒட்டுவாள். நான் எழுந்து பார்த்துச் சரி பண்ண வேண்டும்.

"அதெதுக்கு இங்க?" என்றேன்.

"வர்றவீங்களுக்குத் தெரியோணுமல்லங்க. நம்மளாட்டத் தேடீட்டா இருப்பாங்க?"

கிளுவைத் தண்டில், பாறையில், வேர்முண்டில், ஏழு இடத்தில் ஏழு அம்பு ஒட்டினாள். நன்றாக அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். எனக்கும் அது சரியான வேலையாகத்தான் பட்டது. பழுதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பழகியவர்கள் நாங்கள். அம்பை வேறு யார் பார்ப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இறங்கும்போது வனத்துறை ஆபீஸ் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தாள். நான் ஊம் போடவில்லை. பலகை வரைக்கும் வந்த பிறகு சொன்னேன்.

"சொன்னா, நீ எதுக்கு உள்ள போனேம்பாங்க. அப்பறம் இங்க வர முடியாது."

அவள் பலகையைப் பார்த்தாள். "வரவே முடியாதுங்களா?"

"முடியாது."

 வண்டியில் வரும்போது அவள் பேசவில்லை. பேசியிருந்தாலும் காற்றில் எனக்குக் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை காலை சந்து முனையில் சாவியைக் கொடுத்தாள். எந்தச் சட்டியில் எது என்று சொல்லவில்லை. நானே திறந்து பார்த்துச் சாப்பிட்டேன். படுத்தேன், தூக்கம் வந்தது. அன்று தூக்கம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாவியைக் கொடுத்தவள் என் சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே ஒரு தட்டுத் தட்டினாள். பஞ்சு ஒட்டியிருக்கிறது, தட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன். தறியிலிருந்து வருகிறவன் மேல் எப்போதும் பஞ்சு இருக்கும். வண்டி போனது. நான் டீக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீயை வைத்துவிட்டு என் நெஞ்சைப் பார்த்தார். "ஏனுங்க, ஸ்டிக்கர் போட்டு உட்ருக்குது. டேமேஜ் பீசுங்களா நீங்க?"

குனிந்து பார்த்தேன். சிவப்பு அம்பு. மேல்நோக்கி ஒட்டியிருந்தாள். அது என் வாயைக் காட்டியது.

டீயைக் குடித்தேன். வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கரட்டுப் பக்கம் போனேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். போனில் எனக்குக் காது கேட்காது.

போகிற வழியில் ஒரு பொய் யோசித்து வைத்தேன். கோயிலுக்கு வந்தேன், யாரோ பேசிக்கொண்டார்கள், காதில் விழுந்தது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை தப்பும். ஆனால் எந்த இடம் என்று காட்ட முடியாது. என் காதில் யாரோ பேசியது விழுந்தது என்பதும் நம்புகிற மாதிரி இல்லை.

விசாரித்துப் போன வனத்துறை ஆபீசில் வனக்காப்பாளர் ஒருவர் இருந்தார். சின்ன வயது, பெண். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பக்கத்தில் காவலுக்குப் போகிற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சம்மணம் போட்டுப் பீடி இழுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கம்பி, ஏழு, சுனைப் பாதை.

"அங்க எதுக்குண்ணே போனீய?" என்றார் அந்தம்மா.

"நடக்கங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசங்க. ஞாயித்துக்கெழமை மட்டுங்க. சம்சாரமும் வருமுங்க."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அங்க ஒரு பலகை இருக்கே. படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க. மெதுவாப் படிப்பனுங்க."

பெரியவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, நடங்க என்றார்.

மூன்று பேரும் ஏறினோம். வெயில் வந்துவிட்டது. பலகையைத் தாண்டும்போது நான் அவர்கள் முன்னால் போகவா பின்னால் போகவா என்று நின்றேன். அந்தம்மா முன்னால் போகச் சொன்னார்.

முதல் அம்பு கிளுவைத் தண்டில் அப்படியே இருந்தது. கம்பி இல்லை. இரண்டாவது அம்பு இருந்தது. அங்கேயும் கம்பி இல்லை. ஏழு இடத்திலும் அம்பு வெறும் மண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது.

இதென்ன அம்பு என்று அந்தம்மா கேட்டார். சம்சாரம் செக்கிங்கில் வேலை செய்வதைச் சொன்னேன். பழுதுக்குப் பக்கத்தில் ஒட்டுவது வழக்கம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது புரிந்தது.

"கம்பி வச்சவனுக்கு நோட்டீசு ஒட்டிட்டு வந்திருக்கீய," என்றார் அந்தம்மா. கோபம்தான். ஆனால் குரலை உயர்த்தவில்லை. என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மை சொல்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. கம்பியே இல்லாத இடத்துக்கு ஒருவன் கூட்டிவந்தால் யார்தான் நம்புவார்கள்?

பெரியவர் கிளுவையின் அடியில் உட்கார்ந்து பட்டையைத் தடவினார். "கம்பி ஒரசுன தடம் புதுசுங்க மேடம். பொய்யில்லீங்க," என்றார்.

அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஓடினார்கள், நானும் பின்னால் ஓடினேன்.

சுனைக்கு அக்கட்டப் பக்கம், நாங்கள் ஒருநாளும் போகாத சரிவில் ஒரு புள்ளிமான் கிடந்தது. பெட்டை. முன்னங்காலில் கம்பி. மண்ணைக் காலால் கிளறிக் குழி பண்ணியிருந்தது. ரொம்ப நேரம் இழுத்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து பாய்ந்து, கம்பி இழுத்து, மறுபடி விழுந்தது.

அம்பைப் பார்த்தவன் கம்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. இடத்தை மாற்றி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் காலில் கம்பி இருந்திருக்காது. யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கண்ணை மூடினால் அடங்கும் என்றார் அந்தம்மா. என் தோளிலிருந்த துண்டைக் கொடுத்தேன். அவர் மெதுவாகக் கிட்டப் போய் அதன் முகத்தின் மேல் போட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் பின்னங்கால்களைப் பிடித்தார். கம்பியை வெட்ட அவர்களிடம் அரிவாள் ஒன்றுதான் இருந்தது. அரிவாளைக் காலுக்கு இவ்வளவு கிட்டத்தில் வைக்க முடியாது.

நான் பார்க்கிறேன் என்றேன்.

கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. பிரி பிரியாகச் சிலும்பி ஒன்றோடொன்று பின்னியிருந்தது. தறியில் இழை அறுந்து பின்னிக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும். நகத்தால் தள்ளி, வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். அதையே செய்தேன். ஒவ்வொரு பிரியாகப் பிரித்து, வளையத்துக்குள் பின்னால் தள்ளினேன். ரத்தத்தில் விரல் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். என் முட்டிக்குக் கீழே அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. தறி போல அடித்தது. அது காதில் கேட்க வேண்டியதில்லை, உடம்பில் தெரிந்தது.

"அவசரப்படாதீங்கண்ணே," என்றார் அந்தம்மா. எனக்குக் கேட்கும்படி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

கடைசிப் பிரி வந்தது. வளையம் விரிந்தது. காலை வெளியே எடுத்தேன். அந்தம்மா துண்டை எடுத்துவிட்டு நகர்ந்தார். மான் சித்த நேரம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்தது. மூன்று காலில் நின்றது. நாலாவதை ஊன்றிப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டது. அப்படியே நொண்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார் அந்தம்மா. சில மான் பயத்திலேயே ரெண்டு நாளில் செத்துப் போகும், சிலது தப்பும் என்றார். கை கழுவச் சுனைக்குப் போனேன். அது மானும் மயிலும் குடிக்கிற தண்ணி என்று தடுத்து, தன் பாட்டிலிலிருந்து ஊற்றினார்.

அக்கட்டப் பக்கத்தில் மற்ற ஆறு கம்பியும் கிடைத்தது. படம் எடுத்து, உறையில் போட்டுக்கொண்டார்கள். ஆபீசுக்கு வந்து நான் சொன்னதை எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். உள்ளே நுழைந்ததையும் எழுதியிருந்தார், எச்சரித்து அனுப்பப்பட்டது என்று முடித்திருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

"இனி பலகை தாண்டி வரப்பிடாது. கேமரா வைக்கப் போறோம். கம்பி வச்சவன் உங்களத் தேடவும் செய்வான்."

"சரிங்க."

"கோயில் வரைக்கும் வாங்க. அத யாரும் தடுக்க மாட்டாவ."

"சரிங்க," என்றேன். கோயிலில் மைக் வைத்து நாள் முழுக்கப் பாட்டுப் போடுகிறார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கும் தறிக்குப் போனேன். தூங்காமல் தறி ஓட்டுவது தப்பு, ஆனாலும் போனேன். மறுநாள் காலை சந்து முனையில் அவள் நின்றிருந்தாள். சட்டையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். என் ரத்தம் இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அவள் பார்த்ததில்லை. அம்பு விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம் சொல்லாமல் விட்டது போதும் என்றிருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "நானே காட்டிக் குடுத்துட்டனுங்களா," என்றாள்.

"ரெண்டு பேருந்தான்."

வண்டி வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"கால ஊனுச்சுங்களா?"

"மூணு."

"நாலாவது?"

"ஊனும்."

டிரைவர் ஆரன் அடித்தார். உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மீதியைச் சொன்னேன். "இனி அங்க போக முடியாது. சொல்லிட்டாங்க."

"தெரியுமுங்க," என்றாள். "ஞாயித்துக்கெழமயே தெரியும். தெரிஞ்சுதான் உங்க சட்டையில ஒட்டுனேன்." சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு இரண்டு பேரும் பழக்கத்தில் நாலரைக்கு எழுந்துவிட்டோம். அவள் டீ போட்டாள். குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் சந்தில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும். அவள் சுவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அவள் கால் வீங்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை தறி முதலாளியிடம் போய், பகல் ஷிப்ட் வேண்டும் என்றேன். பதினோரு வருடத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் விஷயம் அது. என்ன திடீர்னு என்றார். சம்சாரத்தோட நடக்கோணுமுங்க என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். காக்கி உடுப்புக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்த பிறகு அவர் முன்னால் நிற்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆள் மாற்றிக் கொடுத்தார். நான் பகலுக்கு மாறி ஒரு மாதம் ஆயிற்று.

கண்ணி வைத்தவன் பிடிபட்டானா என்று தெரியாது. ஒருமுறை கூப்பிட்டார்கள், போய் இன்னொரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தம்மா அன்று லீவு. மானைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். கேமராவில் மான் நிறைய வருகிறது, எது எதுவென்று யார் கண்டது என்றார். நாலு காலிலும் நடக்கிற மான்தான் எல்லாம் என்றார். அதை அப்படியே வந்து இவளிடம் சொன்னேன். செத்தது என்றும் இல்லை, பிழைத்தது என்றும் இல்லை. இரண்டு பேரும் அதை நல்ல சேதியாகவே வைத்துக்கொண்டோம்.

இப்போது சாயங்காலம் சாமளாபுரம் குளத்துக் கரையில் நடக்கிறோம். அவள் கம்பெனியில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கரையில் கூட்டம். ஒரு பக்கம் ரோடு, லாரி, பஸ். தூரத்தில் தறி. அவள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. அதனால் என்னைவிட ஓரடி முன்னால் போய், பாதித் திரும்பியபடி, முகத்தைக் காட்டிக்கொண்டே நடக்கிறாள். நேற்று எதிரே வந்த ஒரு வாத்தியாரம்மா மேல் இடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே மாதிரி திரும்பிக்கொண்டாள். முன்னால் பார்த்து நட என்றேன்.

"பாதைய நீங்க பாத்துக்குங்க," என்றாள். "எனக்கு இன்னும் சொல்லி முடியலீங்க."

அப்புறம் நான் பாதையைப் பார்த்துக்கொண்டேன். கல் வந்தால் அவள் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். அவள் வாயையும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் பார்த்து நடப்பது கஷ்டம்தான். பழகிக்கொண்டு வருகிறேன்.